அரிசி மூடைகளுக்கு நடுவே ஒரு வாக்குப்பெட்டி

“மச்சான், நான் சொல்லுறதைக் கேள். அந்தப் பெட்டியை வெளியிலை எடு.”

பாலன் கடை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அவனும் நானும் சேர்ந்து திறந்த கடை அது. பெயர்ப்பலகை பூட்டும்போது ஏணியைப் பிடித்தவனே அவன்தான். அன்றைக்கு மட்டும், விலை கேட்க வந்த ஆள் மாதிரி வாசற்படியோடு நின்றுகொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால், பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெரு மார்கழிக் குளிரில் ஈரமாகக் கிடந்தது.

அவன் சொன்ன பெட்டி, மரக்கறி நிறுக்கும் மேசையில் இருந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்ரிக் பெட்டி. மூடியில் நீட்டாக ஒரு வெட்டு. அடுத்த நாள் ஞாயிறு காலை அதற்குள் முதல் வாக்குச்சீட்டு விழவேண்டும். நானும் வதனியும் அரிசி மூடைகளைச் சுவரோரம் இழுத்து அடுக்கி, சனம் நிற்க இடம் செய்துகொண்டிருந்தோம். வதனி என் மனைவி, பாலனின் தங்கை.

சாமான் அடுக்கும் ராக்கையைத் தள்ளும்போது ஒரு மிளகாய்த்தூள் பை பிய்ந்துவிட்டது. மூவரும் மாறி மாறித் தும்மினோம். கோபத்தோடு வந்தவன் கண்ணைக் கசக்கிக் கசக்கித் தும்முவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“எடுக்கேலாது பாலன். சொல் குடுத்திட்டன்.”

“என்னைக் கேட்டே குடுத்தனீ?”

நியாயமான கேள்வி. அவனைக் கேட்காமல்தான் கொடுத்திருந்தேன்.

சேர்ந்து திறந்த கடை

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்குப் பாலனைத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாரிசுக்கு வந்த புதிதில், ஒரே அறையில் நெருக்கிப் படுத்த காலத்தில், அவன் எனக்குப் பக்கத்துப் பாய்க்காரன். ஒரே உணவகத்தில் அவன் கோப்பை கழுவினான், நான் வெங்காயம் உரித்தேன். பிறகு ஊரிலிருந்து வந்த அவன் தங்கையை நான் கட்டினேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலின் பெரிய தெருக்களில் வாடகை எட்டாது என்று தெரிந்து, கொஞ்சம் வடக்கே தள்ளி இந்தச் சின்னப் பலசரக்குக் கடையை எடுத்தோம்.

கடை எங்களைப் பட்டினி போடவில்லை. நிமிரவும் விடவில்லை. வதனி விடியமுன் எழும்பி, மெற்றோ பிடித்துப் போய், அலுவலகங்கள் கழுவிவிட்டு வருவாள். வந்து என்னோடு கடையில் நிற்பாள்.

அந்த வருடம், 2009 வைகாசியில், வன்னியில் போரோடு எல்லாம் முடிந்திருந்தது. லா சப்பலில் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த மாதங்கள் அவை. கறிவேப்பிலையைக் கையில் எடுத்தபடி, எதற்கு எடுத்தோம் என்பதே மறந்து நின்றுவிடுகிறவர்களை என் கடையில் கண்டிருக்கிறேன்.

அந்த நிலையில்தான், புலம்பெயர்ந்த தமிழர்களிடம் நாடு நாடாக ஒரு வாக்கெடுப்பு நடத்தத் தொடங்கினார்கள். கேள்வி ஒன்றுதான். தமிழருக்கென்று சுதந்திரமான தனிநாடு வேண்டுமா? ஓம், அல்லது இல்லை. எந்த அரசும் இதைக் கணக்கில் எடுக்காது என்பது போடுகிறவர்களுக்கும் தெரியும், நடத்துகிறவர்களுக்கும் தெரியும். இருந்தும் சனம் போடத்தான் துடித்தது. அழுவதைத் தவிர வேறு ஏதாவது செய்யவேண்டும் என்ற துடிப்பு அது.

புறநகரங்களில் மண்டபங்கள் கிடைத்தன. லா சப்பலில் தருவதாகச் சொன்ன இடம் கடைசி நேரத்தில் கைவிட்டது. தர்சினி என்றொரு பிள்ளை, இங்கேயே பிறந்து சட்டம் படித்துக்கொண்டிருந்தவள், கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். என் கடைக்குள் வரும்போது மூக்கு நுனி சிவந்திருந்தது.

“மாமா, ஒரு பூரோ து வோத் வைக்க இடம் வேணும். ஒரு நாள் மட்டும். எல்லாரும் ‘தெசொலே, தெசொலே’ எண்டுதான் சொல்லினம்.”

பூரோ து வோத் என்றால் வாக்களிப்பு நிலையம். தெசொலே என்றால் மன்னிக்கவும். இரண்டாவது சொல்லை லா சப்பல் கடைக்காரர் எல்லோரும் முதல் நாளே பழகிவிடுவோம்.

“ஊருக்குப் போய்வர வேணுமே பிள்ளை. கொழும்பிலையிருந்து சாமான் எடுக்க வேணுமே. அதுதான் யோசிக்கினம்.”

“நீங்களும் யோசிக்கிறீங்களா?”

அவளுடைய தமிழ் கொஞ்சம் புத்தகத் தமிழ், கொஞ்சம் வீட்டுத் தமிழ். ஆனால் கேள்வி நேராக வந்தது.

“இல்லை. இஞ்சை வை,” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் பாலனின் ஞாபகம் வந்தது.

கொழும்பிலிருந்து வந்தவர்

பாலன் அந்தக் கிழமை முழுக்க ஒரு மனிதரோடு திரிந்தான். கொழும்பில் தேயிலையும் பிஸ்கட்டும் பதப்படுத்திய சாமான்களும் செய்கிற ஒரு நிறுவனத்தின் மனேச்சர். பாரிசுக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஒரு ஏசென்ற் தேடி வந்திருந்தார். பாலன் மாதக் கணக்காக அவருக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் கடையின் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தான். கைகூடினால் பெரிய கடை, பின்னால் ஒரு களஞ்சியம், இரண்டு வான். வதனி விடியப்புறம் எழும்பத் தேவையில்லை.

மனேச்சர் தமிழர். பண்பான மனிதர். வெள்ளிக்கிழமை எங்கள் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பிளேன்ரீ குடித்தார். கண்ணாடியில் தர்சினி ஒட்டிவிட்டுப் போயிருந்த அறிவித்தலை வாசித்தார். ஆற அமர, இரண்டு தரம் வாசித்தார்.

“தம்பி, எனக்கு இதிலை ஒண்டும் இல்லை,” என்றார். “உங்கடை மனசும் எனக்கு விளங்கும். ஆனா எங்கடை முதலாளிமார் மந்திரிமாரோடை இருந்து சாப்பிடுற ஆக்கள். இந்தக் கடையின்ரை படம் ஒண்டு ஏதாவது பேப்பரிலை வந்துதெண்டால், நான் போய் அவைக்கு ஒண்டும் சொல்லேலாது.”

மிரட்டல் என்று சொல்லமாட்டேன். நடக்கப்போவதைச் சொன்னார். கோப்பையைக் கழுவுமிடத்தில் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, வதனிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அப்பாவின் புள்ளடி, அம்மாவின் புள்ளடி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். நான் ஏன் தர்சினிக்கு உடனே ஓம் சொன்னேன் என்பதற்கு அங்கேதான் காரணம் இருக்கிறது.

என் அப்பாவுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் இரும்புக்கடை. ஆணி, பூட்டு, பெயின்ற், கம்பி. அம்மாவும் நாங்களும் வடமராட்சியில். அந்தக் காலத்தில் வியாபாரிகள் பலருக்கு வாழ்க்கை அப்படித்தான்: உழைப்பு கொழும்பில், குடும்பம் ஊரில்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு பெரிய தேர்தல் வந்தது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை என்று தெற்கு களைத்துப்போயிருந்த நேரம். இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம், கடைகளில் சாமான் குவியும் என்று சொன்ன பெரிய கட்சிக்கு அப்பா கொழும்பில் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டார். அதே தேர்தலில் வடக்கில் தமிழ்க் கட்சிக்காரர் தனிநாடு கேட்டு நின்றார்கள். அம்மா ஊரில் அவர்களுக்குப் புள்ளடி போட்டா.

அப்பா விடுமுறையில் வந்தபோது இருவரும் அதைப் பற்றிக் கதைத்தது நினைவிருக்கிறது. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

“உனக்கு நாடு வந்தா, இந்த மீனை மலிவாத் தருவாங்களோ?” என்று அப்பா பகிடியாகக் கேட்டார்.

“என்ரை தம்பி நல்லாச் சோதினை செய்தும் கம்பசுக்குப் போகேல்லை. தமிழ்ப் பெடியளுக்குக் கூடப் புள்ளி வேணுமெண்டு வைச்சவங்கள், உங்களுக்குத் தெரியும்,” என்றா அம்மா. “விலை ஏறும், இறங்கும். ஆர் தீர்மானிக்கிறது எண்டதுதானே எனக்குக் கவலை.”

அப்பா சிரித்தார். அவர் சொன்னபடியே நடந்தது. கதவு திறந்தது, சாமான் குவிந்தது. அப்பாவின் கடை ஒன்று இரண்டானது. எனக்குச் சைக்கிள் வந்தது. என்னையும் கொழும்புப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவிட்டார்.

பிறகு 1983இன் அந்த ஆடி மாதம் வந்தது. கொழும்பில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள்.

நானும் அப்பாவும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சமையலறையில் ஒளித்திருந்தோம். அந்த வீட்டு அம்மா எங்களை உள்ளே வைத்துவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தா. அவ இல்லையென்றால் இந்தத் தொடரை எழுத ஆளில்லை. சில நாள் கழித்து, அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பொலிஸ்காரரோடு அப்பா கடையைப் பார்க்கப் போனார். நானும் போனேன். பெயின்ற் ரின்கள் வெடித்துக் கூரைவரை சிதறியிருந்தன. ஆணிப்பெட்டிகள் எரிந்துபோய், ஆணிகள் மட்டும் கறுத்துக் குவியலாகக் கிடந்தன. அப்பா குனிந்து ஒரு ஆணியை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது.”

அவ்வளவுதான் சொன்னார். எங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றி வடக்கே காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். இறங்கும்போது அப்பாவின் கையில் ஒன்றும் இல்லை. அம்மா அவரிடம் ‘நான் சொன்னேனே’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதை நான் அவவின் பெரிய குணமாக நினைக்கிறேன்.

எங்களிடம் செழிப்பு இருந்தது. அதைக் காக்கிற சட்டமும் பொலிசும் எங்களுடையதாக இருக்கவில்லை. ஒரே பின்னேரத்தில் போய்விட்டது. எனக்கு நாடு என்பது கொடியும் பாட்டுமாக வரவில்லை. அந்தக் கறுத்த ஆணிக் குவியலாகத்தான் வந்தது.

வதனி வைத்த நிபந்தனை

இனி வாசலில் நிற்கிற பாலனிடம் வருவோம்.

“உன்ரை கொப்பற்றை கதையை எனக்குச் சொல்லாதை. எனக்குத் தெரியும்,” என்றான். “எனக்கும் ஆசை இருக்கு மச்சான். ஆனா பார், போனதெல்லாம் போச்சு. இனி உழைச்சு நிமிர வேணும். காசுள்ள சனத்தைத்தான் உலகம் மதிக்கும். நாடு நாடு எண்டு, எல்லாத்தையும் குடுத்திட்டு நிக்கிறம். இன்னும் என்னத்தைக் குடுக்கிறது?”

அவன் குரல் உடைந்தது. அவனுடைய பெரியம்மா குடும்பம் முழுக்க அந்த வைகாசியில் போய்விட்டது. அவனுக்கு நோகாமல் பேசுகிறான் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

“என்ரை அப்பாவுக்குக் காசு இருந்தது பாலன். அது காப்பாத்தேல்லை.”

“நாடு கேட்டதும் காப்பாத்தேல்லை.”

அவன் சொன்னதும் உண்மைதான். ஆனால் பெட்டியை எடுக்க எனக்கு மனமில்லை. பாலன், “அப்ப நான் இந்தக் கடையிலை இல்லை எண்டு வை,” என்று சொல்லிவிட்டு நடந்தான். மேலே இரும்புத் தூண்களில் மெற்றோ ஓடுகிற சத்தம் கேட்கும் பக்கமாகப் போனான்.

நான் வதனியைப் பார்த்தேன். அவள் சிந்திய மிளகாய்த்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ என்ன சொல்லுறாய்? நீ வேண்டாமெண்டால் பெட்டியை எடுக்கிறன்.”

உண்மையாகத்தான் கேட்டேன். ஏசென்சி போனால் விடியப்புறம் எழும்பப் போவது நானல்ல.

வதனி தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள்.

“ஒவ்வீஸ் கழுவுறது எனக்குப் பழகின வேலை. அதைக் காட்டி என்னை விலைக்கு வாங்க ஏலாது. பெட்டி இருக்கட்டும். ஆனா ஒண்டு. அண்ணையோடை கதைபேச்சு இல்லாமப் போகக் கூடாது. நாளைக்கு அவர் என்ன சொன்னாலும், நீங்கள் வாயைத் திறந்து ஒரு சொல்லும் கூடச் சொல்லக் கூடாது. அவர் எங்களை விட்டாலும் நாங்கள் அவரை விடக் கூடாது. ஓமோ?”

“ஓம்.”

ஞாயிற்றுக்கிழமை

கதவைத் திறக்கமுன்னரே வரிசை வந்துவிட்டது. சார்செல் புறநகரிலிருந்து RER ரயிலில் வந்து, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, குடும்பம் குடும்பமாக நடந்து வந்தார்கள். பெண்கள் குளிர்ச்சட்டைக்குக் கீழே சேலை உடுத்திருந்தார்கள். கோவில் திருவிழாவுக்கு வருகிற உடுப்பு. ஆனால் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

தர்சினி மேசையில் இருந்து ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்தாள். பருப்பு ராக்கைக்கும் சுவருக்கும் இடையில் திரை கட்டி மறைவிடம் செய்திருந்தோம். உள்ளே போகிறவர்களுக்குச் சீரகமும் பெருஞ்சீரகமும் மணக்கும். போட்டுவிட்டு வெளியே வந்த ஒருவர், பழக்கத்தில் ஒரு பை சீரகத்தை எடுத்து வந்து காசு நீட்டினார். “இண்டைக்கு யாவாரம் இல்லை அண்ணை,” என்றேன். வரிசையில் அன்றைக்குக் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

எங்கள் தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரர் ஒருவரும் வந்தார். அவருக்கு இதில் வாக்கில்லை என்று தர்சினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“தெரியும்மா. சும்மா பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்,” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். “எங்க அப்பாருகிட்டயும் ஒரு காலத்துல கேட்டாங்க முசியே. பிரெஞ்சு நசியோனலித்தே, அதான் குடியுரிமை, வச்சிக்கிறியா, இந்தியனா இருக்கிறியான்னு. பிரெஞ்சுன்னா வசதி. அவரு வேண்டாமுன்னுட்டாரு. எங்கம்மா சாகிற வரைக்கும் திட்டினாங்க. கடைசியில நான் பிரெஞ்சுக் கார்த் வச்சிருந்த பொண்ணைக் கட்டிக்கிட்டு இங்க வந்து சேந்தேன்.”

“அப்பா பிழையாச் செய்திட்டார் எண்டு நினைக்கிறீங்களோ?”

“சே! கேட்டாங்க, சொன்னாரு. அது அவருக்குப் பெரிய மரியாதை.”

மதியம் தாண்டி ஒரு பெண் வந்தார். லெ பிளாங்-மெனில் புறநகரிலிருந்து தனியாக வந்திருந்தார். என்னைவிட மூத்தவர். அடையாள அட்டையைக் காட்டினார். சீட்டை வாங்கிக்கொண்டு, திரைக்குப் போகாமல் என்னிடம் வந்தார்.

“தம்பி, இதிலை இல்லையெண்டு போடலாமோ?”

வரிசையில் தலைகள் திரும்பின.

“என்ரை பெடியனை அங்கை ஆமி பிடிச்சு உள்ளுக்கை வைச்சிருக்கு. எந்த முகாம் எண்டும் சரியாத் தெரியாது. எனக்கு அவன் வந்தாப் போதும். அதுதான் கேக்கிறன்.”

வரிசையில் நின்ற ஒருவர் பொறுக்கமாட்டாமல், “அப்ப ஏன் இஞ்சை வந்தனீங்கள்?” என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள்.

நான் மேசைக்கு முன்னால் வந்து நின்றேன்.

“இது என்ரை கடை,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “இதுக்குள்ளை ஆரும் ஆற்றை வோட்டையும் கேக்கக் கூடாது. கேக்கிறவர் வெளியிலை போகலாம். அக்கா, நீங்கள் வடிவாப் போடலாம். அதுக்குத்தான் ரெண்டு கூடு கீறியிருக்கு.”

முணுமுணுத்தவர் தலையைக் குனிந்தார். வதனி வந்து அந்தப் பெண்ணின் தோளில் கைவைத்துத் திரைவரை கூட்டிப்போனாள். அவர் உள்ளே நெடுநேரம் நின்றார். எதற்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டிக்குள் விட்டு, அது விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்தது. ஊரில் எங்களை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டாலும், இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக விட்டதில்லை. நாடு வேண்டும் என்று கேட்கிறவன், வேண்டாம் என்கிறவளுக்கும் அதற்குள் இடம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு அந்த நாடு?

பாலன் வந்தான்

பின்னேரம், வெளிச்சம் மங்குகிற நேரம், பாலன் உள்ளே வந்தான். எதிர்ப்பக்கத்துக் கபேயில் பகல் முழுக்க இருந்திருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. உடுப்பில் கோப்பி மணத்தது.

“அந்த மனிசியோடை என்ன சத்தம்?” என்று கேட்டான்.

நடந்ததைச் சொன்னேன்.

“சொன்னது உண்மையோ? ஆரும் கேக்க மாட்டினமோ?”

“மாட்டினம்.”

அவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். பங்குதாரன் என்று முன்னுக்கு வரவில்லை. முறை வந்தபோது அட்டையைக் காட்டி, சீட்டை வாங்கி, திரைக்குள் போனான். வந்து பெட்டியில் போட்டான். பிறகு நேராக என் முன்னால் வந்து நின்றான்.

“நான் இல்லையெண்டுதான் போட்டனான். உனக்கு ஒளிக்க மாட்டன்.”

வாய்வரை ஒரு சொல் வந்தது. வதனி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி மச்சான்,” என்றேன். “தேத்தண்ணி குடிக்கிறியோ?”

“வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான் அன்று காலையிலேயே போட்டிருந்தேன். ஓம். வதனியிடம் கேட்கவில்லை. கடையின் விதி எனக்கும் பொருந்தும்.

அதற்குப் பிறகு

படம் பேப்பரில் வந்தது. எங்கள் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது. கொழும்பு மனேச்சர் தானே தொலைபேசி எடுத்து, இப்போதைக்கு விடுவோம் தம்பி என்று சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது.

பாலன் கடையிலிருந்து பிரிந்தான். பிரிக்கும்போது ஒரு கடுஞ்சொல் இல்லை. வேறு சொல்லும் இல்லை. கொஞ்ச நாளில் புறநகரில் தனியாகக் கடை போட்டான். ஏசென்சி அவனுக்கே போனது. பெரிய கடை, களஞ்சியம், வான், அவன் சொன்ன எல்லாம் அவனுக்கு வந்தது. உழைப்பாளி. கிடைக்கவேண்டியதுதான்.

எங்கள் கடை அதே அகலத்தில் இருந்தது. வதனி தொடர்ந்து விடியப்புறம் எழும்பிப் போனாள். குளிர்காலங்களில் முழங்கால் பிடித்துக்கொள்ளும். படிகளில் பக்கவாட்டாக இறங்கப் பழகினாள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் தீர்மானத்தின் விலை அவளுடைய காலில் ஏறியது. அதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அவள் தன் நிபந்தனையை விடவில்லை. கிழமைக்கொரு தரம் ஏதோ ஒரு கறிச்சட்டியோடு சார்செலுக்கு, பாலன் வீட்டுக்கு ஏறிவிடுவாள். என்னையும் இழுத்துப்போவாள். முதல் மாதங்களில் அவன் ரீவியைப் பார்த்துக்கொண்டிருப்பான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வதனியும் அவன் மனைவியும் எங்களுக்கும் சேர்த்துக் கதைப்பார்கள். ஒருநாள் வதனி கொண்டுபோன இறைச்சிக்கறியில் உப்புக் கூடிப்போயிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர்ச் செம்புக்குக் கைநீட்டினோம். “உவளுக்கு வர வர நாக்குச் செத்துப்போச்சு,” என்றான் பாலன். அன்றிலிருந்து கதைக்கிறோம்.

அந்த வாக்கெடுப்பால் நாடு வரவில்லை. மிகப் பெரும்பாலானவர்கள் ஓம் என்றுதான் போட்டார்கள். எந்தத் தலைநகரத்திலும் அதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஊரிலும் காலம் மாறிவிட்டது. அண்மையில் நடந்த தேர்தலில் எங்கள் பக்கத்திலேயே எத்தனையோ பேர் விலைவாசியையும் வேலையையும் சொன்ன பக்கம் புள்ளடி போட்டார்கள். பெற்றோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்று வந்த சனம் அது. என் அப்பாவும் அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டார். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் என் மனம் மாறவில்லை. வருகிறவர் போகிறவர் கேட்டால் அதையே சொல்கிறேன். தருகிற கையில் ஒருநாள் பறிக்கிற உரிமையும் இருக்கிறதென்றால், அந்தச் செழிப்பை வைத்து நான் வீடு கட்டமாட்டேன். பறிக்க முடியாத ஒன்றைத்தான் முதலில் கேட்பேன். இதைப் பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

வதனி ஓய்வெடுத்தாள்

இந்த வசந்தத்தில் வதனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கூட வேலை செய்த பெண்கள் அவளுக்குப் பூங்கொத்துக் கொடுத்து, மெற்றோ வாசல்வரை வந்து கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனார்களாம். அந்த ஞாயிறு மதியம் வீட்டில் சமைத்தோம். பாலன் குடும்பத்தோடு வந்தான். கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, இறால் பொரியல். ஜன்னலைத் திறந்துவிட்டும் கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது.

சாப்பாட்டின் நடுவே பாலன் ஊர்த் தேர்தலைப் பற்றிக் கதை எடுத்தான். “பார்த்தியோ மச்சான், சனம் என்ரை பக்கம் வந்திட்டுது,” என்றான். குத்திக்காட்டவில்லை. கொஞ்சம் வெற்றிச் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் மகள் அபிநயா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். பிரெஞ்சில்தான் கேட்டாள். அந்தப் பெட்டியை அன்று கடைக்குள் வைக்காமல் விட்டிருந்தால் உங்களுக்கு இத்தனை வருடம் நிலம் கழுவ வேண்டி வந்திருக்காதே, வருத்தமில்லையா அம்மா, என்று.

நான் என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

“கால் நோகுதுதான்,” என்றாள் வதனி தமிழில். “அதைப் பொய் சொல்லேல்லை. ஆனா அண்டைக்கு உன்ரை அப்பா என்னைக் கேட்டவர். நான்தான் இருக்கட்டும் எண்டனான். திரும்ப அப்பிடியொரு வோட்டு வந்தா, அவரைக் கேட்டுக்கொண்டும் நிக்க மாட்டன். நானே போய்க் கடையைத் திறப்பன்.”

பாலன் இறாலைக் கடித்தபடி கையை உயர்த்தினான்.

“நான் அப்பவும் இல்லையெண்டுதான் போடுவன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

“போடுங்கோ அண்ணை,” என்று வதனி அவன் கோப்பையில் இன்னொரு கரண்டி கறி விட்டாள். “ஆனா வெள்ளன வாங்கோ. வரிசை நீளமா இருக்கும்.”